டிஜிட்டல் ஆசிலாஸ்கோப்: கம்பியில் ஓடுவது திரைக்கு வந்து சேரும் வழி

ஆசிலாஸ்கோப் என்பது மின்னழுத்தம் நேரத்தோடு எப்படி மாறுகிறது என்பதைத் திரையில் அலையாக வரைந்து காட்டும் கருவி; சுருக்கமாக ஸ்கோப். பினாங்கின் பாயான் லெப்பாஸ் ஆலைகளுக்குப் பயிற்சிக்கு வரும் பாலிடெக்னிக் பிள்ளைகள் ஸ்கோப் முன்னால் உட்கார்ந்ததும் முதலில் கேட்பது, "அண்ணே, ஆட்டோசெட் எங்க இருக்கு?" என்பதுதான். பொத்தானைக் காட்டுவேன். அழுத்துவார்கள். ஓர் அலை வந்து நிற்கும். "வந்துருச்சு" என்று நோட்டில் குறித்துக்கொண்டு எழப் பார்ப்பார்கள். அப்போது ஒரு கேள்வி கேட்பேன்: "இதை வரையறதுக்கு ஸ்கோப் விநாடிக்கு எத்தனை தடவை அளந்திருக்கு?" பெரும்பாலும் பதில் வராது. ஆனால் அந்தப் பதில் திரையின் மூலையிலேயே சின்ன எழுத்தில் எழுதியிருக்கும். அந்த எண்ணைப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டால் ஸ்கோப்பில் பாதி கற்றாகிவிட்டது. மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

பினாங்குக்கும் அளவைக் கருவிகளுக்கும் பழைய உறவு உண்டு. 1972-ல் பாயான் லெப்பாஸ் தடையற்ற வணிக மண்டலம் தொடங்கியபோது வந்த முதல் நிறுவனங்களில் ஹியூலெட் பேக்கர்டும் ஒன்று. அதன் அளவைக் கருவிப் பிரிவு 1999-ல் அஜிலென்ட் ஆனது, 2014-ல் கீசைட் ஆனது. நம் அப்பாக்கள், அக்காமார்கள் பலர் இந்த வட்டாரத்து ஆலைகளில்தான் சோதனை மேசைக்கு முன்னால் ஷிப்ட் பார்த்தார்கள். அந்த மேசையில் உட்காரப்போகும் அடுத்த ஆளுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் சொந்தமாக ஒரு ஸ்கோப் வாங்கி வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான்.

கை வைப்பதற்கு முன்

அளக்கும் இடத்தைத் தொட்டு மின்னழுத்தத்தை ஸ்கோப்புக்குக் கொண்டுவரும் கம்பிதான் ப்ரோப். அதன் முனையில் ஒரு முதலைக் கவ்வி தொங்கும். அந்தக் கவ்வி ஸ்கோப்பின் உலோக உடலோடும், மூன்று முள் பிளக் வழியாகக் கட்டடத்தின் எர்த்தோடும் நேராக இணைந்தது. எல்லாச் சேனல்களின் கவ்விகளும் உள்ளே ஒன்றுதான். ஆகவே சுவரில் செருகிய பவர் சப்ளையின் 230 வோல்ட் பக்கத்தில் இந்தக் கவ்வியைக் கொண்டுபோய் மாட்டினால், மின்சாரம் கவ்வி வழியாக எர்த்துக்குப் பாயும். ப்ரோப் எரியலாம், போர்டு எரியலாம், உங்கள் கை சுடலாம். எர்த் முள்ளை வெட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அப்போது ஸ்கோப்பின் உடலே மின்னேறி நிற்கும். அந்தப் பக்கத்தை அளக்க டிஃபரன்ஷியல் ப்ரோப் என்று தனியாக ஒன்று இருக்கிறது. அது கைக்கு வரும்வரை பேட்டரியில் அல்லது யூஎஸ்பி அடாப்டரில் ஓடும் 5 வோல்ட், 12 வோல்ட் சர்க்யூட்டுகளில் மட்டும் பழகுங்கள்.

அடுத்து ப்ரோபைச் சரிசெய்ய வேண்டும். ஸ்கோப்பின் முகப்பில் ஒரு சிறிய கொக்கி இருக்கும். அதில் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலை வந்துகொண்டே இருக்கும். ப்ரோபின் பக்கவாட்டுச் சுவிட்சை 10எக்ஸில் (மின்னழுத்தத்தைப் பத்தில் ஒன்றாக்கி அனுப்பும் நிலை) வைத்து, கொக்கியில் மாட்டிப் பாருங்கள். சதுரத்தின் மேல்முனை கொம்பு முளைத்ததுபோல் நீட்டிக்கொண்டிருந்தாலோ, மழுங்கி வளைந்திருந்தாலோ, ப்ரோபில் உள்ள சின்னத் திருகைப் பிளாஸ்டிக் திருப்புளியால் திருப்புங்கள். தட்டையாக வரும்வரை. சேனல் மெனுவிலும் 10எக்ஸ் என்று இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் 5 வோல்ட் 0.5 வோல்ட்டாகத் தெரியும். 1எக்ஸ் நிலையை வழக்கமான வேலைக்குப் பயன்படுத்த வேண்டாம்: அதில் பெரும்பாலான ப்ரோப்கள் சில மெகாஹெர்ட்ஸுக்கு மேல் சரியாக வேலை செய்யாது.

உயரம்: 256 படிகள்

ப்ரோப் கொண்டுவரும் மின்னழுத்தம் முதலில் ஒரு பெருக்கிக்குள் போகிறது. அங்கிருந்து ஏடிசிக்கு (அனலாக்-டிஜிட்டல் மாற்றி). ஏடிசி செய்வது ஒரே வேலை: குறித்த நொடியில் மின்னழுத்தம் எவ்வளவு என்று அளந்து ஓர் எண்ணாக மாற்றுவது. சாதாரண ஸ்கோப்களில் அது 8 பிட் ஏடிசி. அதாவது திரையின் அடியிலிருந்து உச்சிவரை 256 படிகள். இடைப்பட்ட உயரம் என்று ஒன்று அதற்குக் கிடையாது.

திரையில் வரைந்திருக்கும் கட்டம் ஒன்றுக்கு 1 வோல்ட் என்று வைத்தால், 8 கட்டம் உயரமுள்ள திரையில் ஒரு படி சுமார் 31 மில்லிவோல்ட். 5 வோல்ட் சப்ளையின் மேல் சவாரி செய்யும் 100 மில்லிவோல்ட் அலையை அப்படியே பார்க்கப் போனால் அதற்கு மூன்று படிதான் கிடைக்கும். ஏணி மாதிரி தெரியும். சேனலை ஏசி கப்ளிங்குக்கு (நிலையான 5 வோல்ட்டைத் தடுத்து, மாறும் பகுதியை மட்டும் உள்ளே விடுவது) மாற்றி, கட்டத்துக்கு 20 மில்லிவோல்ட் வைத்துப் பாருங்கள். இப்போது ஒரு படி 0.6 மில்லிவோல்ட்தான். அதே அலை, அதே ஸ்கோப், ஆனால் பதிவு ஐம்பது மடங்கு நுணுக்கமானது. ஆகவே அலை திரையின் உயரத்தில் முக்கால் பங்காவது நிறையும்படி குமிழைத் திருப்புங்கள். திரைக்கு வெளியே மட்டும் போகவிடாதீர்கள்: அங்கே வெட்டுப்பட்டதை எந்தக் கணக்காலும் திரும்பப் பெற முடியாது. 12 பிட் ஸ்கோப்பில் 4096 படிகள் இருப்பதால் இந்தக் கவலை குறையும்.

பெட்டியின் மேல் எழுதியிருக்கும் 50, 100, 200 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் அந்த முதல் பெருக்கியின் பேண்ட்விட்த், அதாவது எவ்வளவு வேகமான அலைவரை அது தாங்கும் என்பதைப் பற்றியது. 100 மெகாஹெர்ட்ஸ் ஸ்கோப்பில் 100 மெகாஹெர்ட்ஸ் சைன் அலையைக் கொடுத்தால் அது உண்மை உயரத்தில் சுமார் 70 சதவீதம்தான் காட்டும். சதுர அலைக்கு இன்னும் தாராளம் வேண்டும். அதன் கூர்மையான மூலைகளெல்லாம் பல மடங்கு அதிர்வெண்களால் ஆனவை. கிளாக் வேகத்தைப்போல் ஐந்து மடங்கு பேண்ட்விட்த் என்று கைக்கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். 0.35-ஐப் பேண்ட்விட்த்தால் வகுத்தால், ஸ்கோப் காட்டக்கூடிய மிக வேகமான ஏற்ற நேரம் (அலை கீழிருந்து மேலே ஏற எடுக்கும் நேரம்) கிடைக்கும். 100 மெகாஹெர்ட்ஸுக்கு அது 3.5 நானோவிநாடி.

அகலம்: மூன்று எண்கள், ஒரு பெருக்கல்

இதுதான் கட்டுரையின் நெஞ்சு. இங்கே நிதானமாகப் போவோம்.

ஏடிசி சீரான இடைவெளியில் அளந்துகொண்டே இருக்கும். விநாடிக்கு எத்தனை அளவு என்பது சாம்பிள் ரேட். அளந்த எண்களைக் கொட்டி வைக்கும் இடம் மெமரி. அதில் எத்தனை எண் பிடிக்கும் என்பது மெமரி ஆழம். திரையின் இடப்பக்கத்திலிருந்து வலப்பக்கம்வரை காட்டும் நேரம் மூன்றாவது எண். அதை டைம்பேஸ் குமிழ் தீர்மானிக்கிறது. இந்த மூன்றையும் கட்டிப்போடும் கணக்கு ஒன்றே:

சாம்பிள் ரேட் × காட்டும் நேரம் = மெமரியில் நிறையும் எண்ணிக்கை.

விநாடிக்கு 1 பில்லியன் சாம்பிள் என்று பெருமையாக எழுதிய ஒரு ஸ்கோப், 10 மில்லியன் மெமரி என்று வைத்துக்கொள்வோம். முழு வேகத்தில் அளந்தால் மெமரி 10 மில்லிவிநாடியில் நிறைந்துவிடும். நீங்கள் டைம்பேஸைக் கட்டத்துக்கு 100 மில்லிவிநாடி என்று திருப்பினால், 10 கட்டம் அகலமுள்ள திரைக்கு 1 விநாடி வேண்டும். மெமரி வளராது. ஆகவே ஸ்கோப் சொல்லாமல் கொள்ளாமல் வேகத்தைக் குறைத்து விநாடிக்கு 10 மில்லியனுக்கு வந்துவிடும். நூறில் ஒன்றை வைத்துக்கொண்டு மற்ற 99-ஐ எறிந்துவிடுகிறது. ஏடிசி உள்ளே முழு வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். மெமரிக்குப் போகும் வாசலில்தான் இந்த வடிகட்டல். பெட்டியில் எழுதிய வேகம் ஸ்கோப்பால் எட்டக்கூடிய உச்சம். இந்த நொடியில் எந்த வேகத்தில் பதிகிறது என்பதை மூலையில் உள்ள சின்ன எழுத்து மட்டுமே சொல்லும்.

இன்னொரு இறக்கமும் உண்டு. பல ஸ்கோப்களில் சேனல்கள் ஒரே ஏடிசியைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. பலருடைய மேசையிலும் இருக்கும் ரிகோல் டிஎஸ்1054இசட் மாடலில் ஒரு சேனல் மட்டும் ஓடினால் விநாடிக்கு 1 பில்லியன், இரண்டு ஓடினால் 500 மில்லியன், மூன்று அல்லது நான்கு ஓடினால் ஒவ்வொன்றுக்கும் 250 மில்லியன். தேவையில்லாத சேனலை அணைத்து வைப்பது சோம்பல் பார்க்காமல் செய்ய வேண்டிய வேலை.

எவ்வளவு வேகம் போதும்? ஹாரி நைக்விஸ்ட் 1928-லும் கிளாட் ஷானன் 1949-லும் எழுதியவற்றிலிருந்து நமக்குக் கிடைத்த விதி, சிக்னலில் உள்ள மிக உயர்ந்த அதிர்வெண்ணைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சாம்பிள் எடுக்க வேண்டும் என்பது. "மிக உயர்ந்த" என்ற சொல்லை விட்டுவிடாதீர்கள். 1 மெகாஹெர்ட்ஸ் சதுர அலையில் 3, 5, 7 மெகாஹெர்ட்ஸ் எல்லாம் ஒளிந்திருக்கின்றன. என் பழக்கம், பார்க்க வேண்டிய மிகச் சிறிய விவரத்துக்குள் குறைந்தது ஐந்து சாம்பிளாவது விழ வேண்டும் என்பது. பத்து விழுந்தால் மனம் நிறையும்.

கணக்கை இப்படிப் பின்னாலிருந்து போடுங்கள். ஒரு மோட்டார் ஓடத் தொடங்கும் 2 விநாடியும் வேண்டும்; அதற்குள் வந்துபோகும் 1 மைக்ரோவிநாடிக் கூர்முனையும் தெரிய வேண்டும். கூர்முனைக்குள் ஐந்து சாம்பிள் என்றால் 0.2 மைக்ரோவிநாடிக்கு ஒன்று, அதாவது விநாடிக்கு 5 மில்லியன். இரண்டு விநாடிக்கு 10 மில்லியன் மெமரி. உங்கள் ஸ்கோப்பில் 1 மில்லியன்தான் இருக்கிறது என்றால் ஒரே பதிவில் இரண்டையும் பார்க்க முடியாது; இரண்டு பதிவாக எடுங்கள். ஸ்கோப் வாங்கும்போதும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துக் காசைக் கொடுங்கள். விலைப்பட்டியலில் மெமரியின் எண் கடைசி வரிகளில்தான் கிடக்கும். நான் முதலில் தேடுவது அதைத்தான்.

ஃபெரி நின்றுகொண்டே இருந்தால்

சாம்பிள் போதாமல் போனால் திரை வெறுமையாகிவிடும் என்று நினைக்காதீர்கள். அழகான, ஒழுங்கான, ஆனால் இல்லாத ஓர் அலையைக் காட்டும். இதற்கு ஏலியாசிங் என்று பெயர்.

பட்டர்வொர்த்துக்கும் ஜார்ஜ்டவுனுக்கும் இடையே ஒரு ஃபெரி போய்த் திரும்ப மிகச் சரியாக 60 நிமிடம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வீட்டு மாடியிலிருந்து 60 நிமிடத்துக்கு ஒருமுறை மட்டும் கடலை எட்டிப் பார்க்கிறீர்கள். ஃபெரி எப்போதும் அதே இடத்தில் இருக்கும். நங்கூரம் போட்டு நிற்கிறது என்பீர்கள். 61 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிட தூரம் நகர்ந்திருக்கும். போய்வர இரண்டரை நாளாகும் என்று கணக்குச் சொல்வீர்கள். 59 நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் பின்னோக்கிப் போகும். பார்த்தது எதுவும் பொய்யில்லை. பார்த்த இடைவெளிதான் தவறு.

பிறை என்ற ஊரில் ஒரு பழுதுபார்க்கும் பட்டறையில் நான் வேலை பார்த்தபோது இது எனக்கு நடந்தது. ஒரு பவர் சப்ளை போர்டின் வெளியீட்டில் 50 ஹெர்ட்ஸ் அலை தெரிந்தது. 50 ஹெர்ட்ஸ் என்றால் சுவர் மின்சாரம். வடிகட்டும் கெப்பாசிட்டர் போய்விட்டது என்று முடிவுகட்டி மாற்றினோம். அலை போகவில்லை. எர்த் வயரைப் பிரித்துப் போட்டோம். போகவில்லை. ஒரு நாள் முழுக்க அதிலேயே போனது. மறுநாள் காலையில்தான் ஒன்று கண்ணில் பட்டது: போர்டு சூடாக ஆக அந்த 50 மெல்ல 45 ஆகிறது, 60 ஆகிறது. டிஎன்பி (மலேசிய மின்வாரியம்) மின்சாரம் அப்படி அலையாது.

மூலையைப் பார்த்தேன். அது 2,500 எண்கள் மட்டும் பிடிக்கும் பழைய ஸ்கோப். கட்டத்துக்கு 25 மில்லிவிநாடி, மொத்தம் 250 மில்லிவிநாடி; ஆகவே விநாடிக்கு 10,000 சாம்பிள். அந்தச் சப்ளை உள்ளே சுமார் 100 கிலோஹெர்ட்ஸில் சுவிட்ச் ஆகிறது. 100.05 கிலோஹெர்ட்ஸை விநாடிக்கு 10,000 தடவை பார்த்தால் மிஞ்சித் தெரிவது 50 ஹெர்ட்ஸ். டைம்பேஸைக் கட்டத்துக்கு 5 மைக்ரோவிநாடிக்குக் கொண்டுவந்ததும் உண்மையான 100 கிலோஹெர்ட்ஸ் எழுந்து நின்றது. சுவிட்ச் ஆகும் சப்ளையில் வழக்கமாக இருக்கும் அலைதான், அளவும் கட்டுக்குள் இருந்தது. நல்ல கெப்பாசிட்டர்களைக் கழற்றி எறிந்திருந்தோம்.

அன்றிலிருந்து, தெரியாத சிக்னல் எதுவானாலும் இப்படித்தான் தொடங்குகிறேன். டைம்பேஸை முதலில் மிக வேகமான பக்கத்துக்குத் திருப்பி, அங்கிருந்து ஒவ்வொரு படியாக மெதுவாக்கிக்கொண்டு வருகிறேன். அளந்த அதிர்வெண் இரண்டு மூன்று படிகளில் மாறாமல் நின்றால் நம்பலாம். டைம்பேஸை மாற்றும்போது அதிர்வெண்ணும் கூடவே மாறினால் அது ஏலியாஸ். இன்னொரு சோதனை, அக்வயர் மெனுவில் பீக் டிடெக்ட் வைப்பது. அப்போது ஸ்கோப் எறியப்போகும் சாம்பிள்களையும் ஒருமுறை பார்த்து, ஒவ்வொரு இடைவெளியிலும் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் எடுத்து வைக்கும். மெல்லிய பொய்யலை உடனே தடித்த பட்டையாக மாறிவிடும். பட்டை வந்தால் உள்ளே வேகமான ஏதோ ஓடுகிறது என்று பொருள்.

கற்கும்போதே இந்தப் பொய்யை ஒருமுறை உங்கள் கையாலேயே உண்டாக்கிப் பாருங்கள். முகப்புக் கொக்கியின் 1 கிலோஹெர்ட்ஸ் சதுர அலையை மாட்டி, மெமரி ஆழத்தை மெனுவில் ஆகக் குறைவாக வைத்து, டைம்பேஸை மெதுவாக்கிக்கொண்டே போங்கள். மூலையில் சாம்பிள் ரேட் விநாடிக்கு 1,000-ஐ நெருங்கும்போது சதுர அலை ஊர்ந்து செல்வதுபோல் தோன்றும். சில நிமிட வேலைதான்.

ட்ரிகர்: எதை எப்போது நிறுத்திப் பிடிப்பது

ட்ரிகர் என்றால் பதிவைத் தொடங்கி வைப்பது என்று பலர் புரிந்துகொள்கிறார்கள். டிஜிட்டல் ஸ்கோப்பில் பதிவு எப்போதுமே நடந்துகொண்டிருக்கிறது. கடையில் மாட்டியிருக்கும் சிசிடிவி பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இடம் நிறைந்ததும் மிகப் பழையதை அழித்து அதன் மேல் புதியதை எழுதுகிறது. ஸ்கோப்பின் மெமரியும் அப்படியே வட்டமாகச் சுற்றுகிறது. ட்ரிகர் வரும்போது, அதாவது நாம் சொல்லிவைத்த அளவை அலை கடக்கும்போது, ஸ்கோப், "இன்னும் இத்தனை சாம்பிள் எடுத்துவிட்டு நில்" என்று கட்டளையிடுகிறது. அதனால்தான் ட்ரிகருக்கு முன்னால் நடந்ததும் நமக்குக் கிடைக்கிறது. பழைய அனலாக் ஸ்கோப்பில் வாய்க்காத வரம் இது. ஒரு போர்டு திடீரென்று ரீசெட் ஆகிறது என்றால், ரீசெட் கம்பியில் ட்ரிகர் வைத்து, சப்ளை கம்பியில் அதற்கு முந்திய மில்லிவிநாடியில் என்ன நடந்தது என்று பார்க்கலாம். நோய் வந்த பிறகு நாடி பிடிப்பதற்கும், வரும்போதே கூட இருந்து பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்.

ஆட்டோ நிலையில், ட்ரிகர் வராவிட்டாலும் சிறிது நேரம் பார்த்துவிட்டு ஸ்கோப் எதையாவது வரைந்துவிடும். நார்மலில் வரும்வரை காத்திருக்கும். சிங்கிள் ஒரே ஒரு தடவை பிடித்து நின்றுவிடும். எப்போதாவது வரும் நிகழ்வைப் பிடிக்க ஆட்டோவில் வைத்துக்கொண்டு கண் கொட்டாமல் திரையைப் பார்ப்பது வீண். ஸ்கோப் ஒவ்வொரு பதிவுக்கும் நடுவே அதை வரைய நேரம் எடுத்துக்கொள்கிறது. அப்போது அதற்குக் கண் தெரியாது. விநாடிக்கு 50,000 அலைவடிவம் என்று சொல்லும் வேகமான ஸ்கோப்பில்கூட, ஒவ்வொன்றும் 0.7 மைக்ரோவிநாடிப் பதிவு என்றால் மொத்தம் பார்த்தது விநாடியில் 35 மில்லிவிநாடிதான். மீதி 96.5 சதவீத நேரம் காணாமல் போனது. ட்ரிகரைச் சரியாக வைத்து நார்மலிலோ சிங்கிளிலோ விட்டால், காத்திருக்கும் வேலையை அது பார்த்துக்கொள்ளும்.

முதல் பதிவு: ஒரு பொத்தான்

இனி கை வேலை. வேண்டியது ஒரு அமுக்குப் பொத்தான், 10 கிலோஓம் ரெசிஸ்டர் ஒன்று, 5 வோல்ட் சப்ளை. கோலாலம்பூரில் இருப்பவர்களுக்கு ஜாலான் பாசார் கடைகள் இருக்கவே இருக்கின்றன; மற்றவர்கள் ஆன்லைனில் வாங்கலாம். ரெசிஸ்டரின் ஒரு முனையை 5 வோல்ட்டிலும் மறுமுனையைப் பொத்தானிலும் இணைத்து, பொத்தானின் மறுகாலைக் கிரவுண்டில் சேருங்கள். ப்ரோப் முனை ரெசிஸ்டரும் பொத்தானும் சேரும் இடத்தில், கவ்வி கிரவுண்டில்.

சேனலைக் கட்டத்துக்கு 1 வோல்ட், டிசி கப்ளிங் வையுங்கள். டைம்பேஸ் கட்டத்துக்கு 1 மில்லிவிநாடி. ட்ரிகர் வகை எட்ஜ், இறங்கும் பக்கம், அளவு 2.5 வோல்ட். ட்ரிகர் புள்ளியைத் திரையின் இடப்பக்கம் இரண்டாவது கட்டத்துக்கு நகர்த்துங்கள். அமுக்கிய பிறகு நடப்பதுதான் நமக்கு அதிகம் வேண்டும். சாம்பிள் ரேட் எவ்வளவு என்று மூலையைப் பாருங்கள். இப்போது சிங்கிளை அழுத்திவிட்டு, பொத்தானை ஒருமுறை அமுக்குங்கள்.

அலை 5-லிருந்து 0-க்கு ஒரே கோடாக இறங்கும் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். பல பொத்தான்களில் அது இறங்கி, ஏறி, மறுபடி இறங்கி, சில தடவை துள்ளிவிட்டுத்தான் அடங்கும். உள்ளே உலோகத் தகடு மோதி எகிறுகிறது. இரண்டு மூன்று முறை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் வேறு மாதிரி இருக்கும். நின்ற பதிவிலேயே டைம்பேஸ் குமிழைத் திருப்பிப் பெரிதாக்குங்கள். பெரிதாகிக்கொண்டே போகும்போது, கோடு நேர்க்கோடுகளால் ஆன ஒட்டுப்போட்ட துணி மாதிரி ஆகும் இடம் ஒன்று வரும். டிஸ்ப்ளே மெனுவில் புள்ளிகள் மட்டும் என்று மாற்றுங்கள். அந்தப் புள்ளிகள்தான் ஸ்கோப் உண்மையில் அளந்தவை. அவற்றை இணைக்கும் கோடு, சைன் எக்ஸ் பை எக்ஸ் என்ற கணக்கின்படியோ நேர்க்கோடாகவோ ஸ்கோப் இட்டு நிரப்பியது.

கர்சர் இரண்டையும் எடுத்து முதல் இறக்கத்திலும் கடைசித் துள்ளலிலும் வைத்தால் நேரம் கிடைக்கும். பத்துப் பதிவு எடுத்து, அவற்றில் மிக நீளமானதைவிடச் சற்றுக் கூடுதலான நேரத்தை, அந்தப் பொத்தானைப் படிக்கும் உங்கள் நிரலில் காத்திருப்பாக வையுங்கள்.

அடுத்து சீரியல் போர்ட். விநாடிக்கு 115200 பிட் வேகத்தில் ஒரு பிட் 8.7 மைக்ரோவிநாடி. ஓர் எழுத்துக்கு ஸ்டார்ட், ஸ்டாப் சேர்த்து 10 பிட் என்றால், பத்து எழுத்துச் செய்தி 0.87 மில்லிவிநாடி. கட்டத்துக்கு 100 மைக்ரோவிநாடி வைத்தால் 10 கட்டத் திரையில் முழுச் செய்தியும் அடங்கும். பிட்டுக்குப் பத்துச் சாம்பிள் என்றால் விநாடிக்கு 1.15 மில்லியன் போதும். எந்த ஸ்கோப்பும் இதைத் தாண்டிவிடும்.

சேமிக்கும்போது

யூஎஸ்பியில் படமாகச் சேமித்தால் திரை மட்டும் போகும். சிஎஸ்வியாகச் சேமித்தால் எண்கள் போகும். ஆனால் சில ஸ்கோப்களில் அங்கேயும் ஒரு தேர்வு இருக்கிறது: திரையில் வரைந்த ஆயிரத்துச் சொச்சம் புள்ளிகளா, மெமரியில் உள்ள அத்தனையுமா என்று. மெமரி என்பதைத் தேர்ந்தெடுங்கள். 10 மில்லியன் வரிகளை எக்செல் திறக்காது, அதன் எல்லை 1,048,576 வரி. பைத்தான் போன்ற ஒன்றில் திறக்க வேண்டியிருக்கும். கோப்பின் பெயரிலோ நோட்டிலோ நான்கு விஷயங்களைக் கூடவே எழுதிவையுங்கள்: ப்ரோப் 10எக்ஸா 1எக்ஸா, எந்தக் கப்ளிங், எந்த அக்வயர் முறை, அப்போதைய சாம்பிள் ரேட். மூன்று மாதம் கழித்து அந்தப் பதிவைத் திறக்கும் ஆள் நீங்களாகவே இருந்தாலும், அதிலிருக்கும் 50 ஹெர்ட்ஸ் எங்கிருந்து வந்தது என்று கேள்வி எழுந்தால் முதலில் தேடப்போவது அந்த நான்காவது எண்ணைத்தான்.